ஆள் தெரியாமல் ஆட்டம் ஏது?

(பட்டிமன்றத் தலைப்பு: ‘கைப்பேசியில் அமைக்கும் இந்தியக் கூடைப்பந்து அணி வெற்றி பெறப் பெரிதும் தேவை ஆட்களின் தேர்வே! ஆட்டத்தின் வியூகமே!’ இடம்: வாடிப்பட்டி. ‘ஆட்களின் தேர்வே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய பேராசிரியரின் உரை.)

நெஞ்சில் நீதியும் நாவில் தமிழும் குடியிருக்கும் நடுவர் அவர்களே! வியூகம் வியூகம் என்று சொல்லிச் சொல்லியே வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! சிறுமலைக் காற்றையும் பொருட்படுத்தாமல் இரவு பத்து மணிக்கும் இருக்கையை விட்டு எழாத வாடிப்பட்டிப் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு நெஞ்சங்களே! 

ஐயா, வாடிப்பட்டின்னு சொன்னா உலகத்துக்கு முதல்ல ஞாபகம் வர்றது என்னங்க? மேளம்! வாடிப்பட்டி மேளம் ஒலிக்காத திருவிழா மதுரைச் சீமையிலே உண்டா? அந்த மேளத்திலே யார் யார் இருக்காங்க? நாயனக்காரர் இருக்காரு. தவில்காரர் இருக்காரு. பம்பைக்காரர் இருக்காரு. நாயனக்காரர் அன்னைக்கு வரலைன்னு வெச்சுக்குங்க. தவில்காரரும் பம்பைக்காரரும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எந்த இடத்துல எடுக்கணும், எந்த இடத்துல நிறுத்தணும்னு கணக்குப் போடுறாங்க. அருமையான கணக்கு. ஆனா கெட்டிமேளம் கொட்டுற நேரத்துல ராகம் எங்கே இருந்து வரும்? கணக்குல இருந்து ராகம் வருமா? ஊதுறதுக்கு ஆள் வேணாமா? இவ்வளவுதான் ஐயா எங்க கட்சி. இதுக்கு மேல நான் பேசுறதெல்லாம் விளக்கம்தான். (சிரிப்பு, கைதட்டல்)

இந்தத் தலைப்பைக் கேட்டதும் சில தாய்மார்கள் முகத்திலே ஒரு கேள்வி தெரிஞ்சது. ‘கைப்பேசியிலே அணி அமைக்கிறதா? இது என்ன புது வம்பு?’ன்னு. பயப்படாதீங்கம்மா. பணம் கட்டி ஆடுகிற இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டு மாதம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தடை செய்துவிட்டது. நாம பேசுறது அது இல்லே. காசு இல்லாத ஆட்டம். பையன் கைப்பேசியைத் திறந்தா, ‘வா தம்பி, இன்று முதல் நீதான் இந்தியக் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர். பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடு. எப்படி ஆடணும்னு திட்டம் சொல்லு. சீனாவோடும் ஈரானோடும் மோதிப் பார்’ என்கிறது. ஒவ்வோர் ஆட்டக்காரர் பேருக்கு நேரே உயரம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, கூடையில் போடும் திறமை எவ்வளவு என்று மதிப்பெண் இருக்கும். பிள்ளை பரீட்சைக்குப் படிச்சிருந்தா அந்த மதிப்பெண்ணை இவனே வாங்கியிருப்பான். அது வேற விஷயம்! (சிரிப்பு)

கூடைப்பந்து தெரியாத பெரியவர்களுக்காக இரண்டு வார்த்தை. 1891ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரிலே ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்கிற உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்திலே கூரைக்குள்ளே ஆட ஓர் ஆட்டம் வேணும்னு யோசிச்சாரு. பீச் பழக் கூடை இரண்டை உயரத்திலே கட்டித் தொங்கவிட்டாரு. பந்தை அதிலே போடுன்னாரு. அதுதான் கூடைப்பந்து. இன்னைக்கு அந்த வளையம் தரையில் இருந்து பத்தடி உயரத்திலே இருக்கு. அணியிலே பன்னிரண்டு பேர். களத்திலே ஐந்து பேர். பத்துப் பத்து நிமிடமா நாலு பகுதி. பந்து கைக்கு வந்தா 24 விநாடிக்குள்ளே கூடையை நோக்கி எறிஞ்சாகணும். ஒருத்தர் ஐந்து தவறு செஞ்சா வெளியே போயிடணும். நம்ம வீட்டிலே மாப்பிள்ளைக்கு இருக்கிற சலுகை அங்கே கிடையாது! (சிரிப்பு)

இப்போ எதிரணிக்கு வர்றேன். எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். பாரதப் போரை எடுத்தார். கௌரவர்களிடம் பதினோரு அக்குரோணி சேனை, பாண்டவர்களிடம் ஏழுதான். ஆள் கணக்கிலே துரியோதனன்தானே ஜெயிச்சிருக்கணும்? ஏன் தோற்றான்? கண்ணன் வகுத்த வியூகம்! இப்படிச் சொல்லிட்டுக் கைதட்டலும் வாங்கிட்டார்.

நண்பரே, கொஞ்சம் கதையைப் பின்னாடி தள்ளிப் பாருங்க. போருக்கு முன்னாலே துரியோதனனும் அருச்சுனனும் துவாரகைக்குப் போறாங்க. கண்ணன் என்ன சொல்றான்? ‘ஒரு பக்கம் என் நாராயண சேனை. இன்னொரு பக்கம் ஆயுதம் எடுக்காத நான் ஒருத்தன். யாருக்கு எது வேணும்?’ துரியோதனன் எண்ணிக்கையைப் பார்த்தான். அருச்சுனன் ஆளைப் பார்த்தான். கண்ணன் வகுத்த வியூகத்தாலே பாண்டவர் ஜெயிச்சாங்கன்னு சொல்றீங்களே, அந்தக் கண்ணனை அணிக்குக் கொண்டுவந்தது எது? அருச்சுனனோட தேர்வு! ஐயா நடுவர் அவர்களே, அவங்க கொண்டுவந்த சாட்சி எங்களுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லுது. இதைக் குறிச்சு வெச்சுக்குங்க. (கைதட்டல்)

இன்னும் ஒண்ணு. கௌரவர் ஏன் தோத்தாங்க? போருக்கு முன்னாலே பீஷ்மர் தன் பக்கத்து வீரர்களுக்கெல்லாம் தரம் பிரிச்சு மதிப்பெண் போடுறாரு. இவர் அதிரதர், இவர் ரதர்னு வரிசையாச் சொல்லிக்கிட்டே வர்றாரு. கர்ணன் முறை வந்தது. ‘இவன் பாதி ரதன்’னுட்டாரு. கர்ணனுக்குப் பாதி மார்க்கு! கேட்ட கர்ணன் கொதிச்சுப்போயிட்டான். ‘இந்தக் கிழவர் களத்திலே இருக்கிற வரைக்கும் நான் வில்லைத் தொடமாட்டேன்’னு ஒதுங்கிட்டான். பதினெட்டு நாள் போர். முதல் பத்து நாள் கர்ணன் களத்திலே இல்லை! அந்தப் பக்கத்தின் மிகச் சிறந்த வில்லாளிகளில் ஒருத்தன் கூடாரத்திலே உட்கார்ந்திருக்கான். துரோணர் எவ்வளவோ வியூகம் போட்டாரு. பீஷ்மர் தினம் ஒரு வியூகம் போட்டாரு. ஆளை அவமதிச்ச இடத்திலே வியூகம் என்ன செய்யும்? கைப்பேசியிலே ஓர் ஆட்டக்காரனுக்கு மதிப்பெண் குறைச்சலா இருந்தா அவன் கோவிச்சுக்கமாட்டான். நிஜ மனுஷன் கோவிச்சுக்குவான். ஆளைத் தேர்வது என்றால் அவன் மனசையும் சேர்த்துத் தேர்வது.

அபிமன்யு கதையையும் எதிரணி அம்மையார் சொன்னாங்க. சக்கர வியூகம் எவ்வளவு வலிமையானது பாருங்கன்னாங்க. சரிதான். பதின்மூன்றாம் நாள். உடைக்கத் தெரிஞ்ச அருச்சுனன் வேறொரு பக்கம் போருக்கு இழுத்துச் செல்லப்பட்டான். பாண்டவர் யாரைத் தேர்ந்தெடுத்தாங்க? உள்ளே போகத் தெரிஞ்ச, வெளியே வரத் தெரியாத ஒரு பிள்ளையை! ‘நீ வழி திற, நாங்க பின்னாலே வர்றோம்’ என்பது திட்டம். திட்டத்திலே குறை இல்லையே. வேலையிலே பாதி தெரிஞ்சவனிடம் முழு வேலையையும் கொடுத்தது குறை. வாசலிலே ஜயத்ரதன் ஒருத்தன் நின்னான், பின்னாலே வந்தவங்களால நுழைய முடியலை. ஒரு ஆள் அந்தப் பக்கம் சரியா நின்னான். ஒரு ஆள் இந்தப் பக்கம் இல்லாமப் போனான். பாரதத்திலே நம்மைக் கலங்க வைக்கிற அந்தச் சாவு, ஆட்தேர்விலே நடந்த பிழை ஐயா.

அடுத்து வள்ளுவர். எதிரணியிலே ஒரு தம்பி, நல்லாப் படிச்ச தம்பி, ஒரு வாதம் வெச்சார். நான் தமிழ்ப் பேராசிரியர் என்கிறதால எனக்குன்னே கொண்டுவந்த வாதம் போலிருக்கு. ‘வள்ளுவர் பொருட்பாலிலே 48ஆம் அதிகாரம் வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல் என்று வைத்தார். இதெல்லாம் வியூகம். அதற்குப் பிறகுதான் 51 தெரிந்து தெளிதல், 52 தெரிந்து வினையாடல் என்று ஆள் தேர்வைச் சொன்னார். ஆகவே வள்ளுவரே வியூகத்துக்குத்தான் முதலிடம் தந்தார்’ என்றார். தம்பி, அருமை. என் மாணவராக இருந்தா நூத்துக்கு எழுபது போடுவேன். மீதி முப்பதுக்கு உள்ளே போய்ப் பார்ப்போம்.

வலியறிதலிலே எதை எதையெல்லாம் எடை போடச் சொல்கிறார்? செய்யப்போகிற வேலையின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையாக வருபவரின் வலிமை. நாலிலே மூணு, ஆளைப் பற்றினது! காலமறிதலிலே பகலிலே காக்கை ஆந்தையை வெல்லும் என்கிறார். இடனறிதலிலே ஆழமான தண்ணீரிலே முதலை எல்லாரையும் வெல்லும், தண்ணீரை விட்டு வந்தா மற்றவங்க முதலையை வெல்லுவாங்க என்கிறார். நல்லா இருக்கு. பகல் நேரமா பார்த்துப் போருக்குப் போறீங்க. ஆனா உங்ககிட்ட காக்கை இருக்கா? ஆழமா ஒரு குளம் வெட்டிட்டீங்க. முதலை எங்கே? முதலை இல்லாமக் குளத்தை மட்டும் வெட்டி வெச்சா அதிலே தவளைதான்யா கத்தும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அதோட விடலை வள்ளுவர். 51, 52 இரண்டு அதிகாரத்தையும் ஆள் தேர்வுக்கே கொடுத்துட்டாரு. குறையே இல்லாத ஆளைத் தேடாதே, குணத்தையும் குற்றத்தையும் நிறுத்துப் பார், எது மிகுதியோ அதைக் கொண்டு முடிவு செய் என்கிறார். ஆராயாமல் நம்பாதே, நம்பினபிறகு சந்தேகப்படாதே என்கிறார். இந்த வேலையை இந்த வழியிலே இவன் முடிப்பான் என்று ஆராய்ந்து, பிறகு அந்த வேலையை அவனிடமே விட்டுவிடு என்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னே ஒரு பயிற்சியாளருக்கு இதைவிட என்ன சொல்ல முடியும்? இன்னொரு நுட்பம் பாருங்க. 53ஆம் அதிகாரம் என்ன? சுற்றந்தழால்! சொந்தக்காரங்களை அணைத்துக்கொள்வது. அதை எங்கே வெச்சாரு? ஆளைத் தேர்வு செஞ்சு முடிச்ச பிறகு வெச்சாரு! மச்சானையும் மைத்துனனையும் அணைச்சுக்க, வேண்டாங்கலை. அதுக்கு முன்னாலே 52 முடிஞ்சிருக்கணும். நாம எத்தனை இடத்திலே 53ஐ முதல்ல நடத்திட்டு 52ஐ நடத்தாமலே விட்டுடுறோம்! (கைதட்டல்)

சரி, இப்போ கைப்பேசிக்கு வருவோம். இன்னைக்கு மத்தியானம் இங்கே நாங்க தங்கியிருந்த வீட்டிலே இரண்டு பையன்கள். அண்ணன் பத்தாவது, தம்பி எட்டாவது. தலைப்பைச் சொன்னதும் கைப்பேசியைத் தூக்கிட்டு வந்துட்டான் தம்பிக்காரன். ‘ஐயா, நான் இந்தியா டீம் போட்டிருக்கேன் பாருங்க’ன்னான். பார்த்தேன். பன்னிரண்டு பேரும் ஆறே முக்கால் அடிக்கு மேலே! ‘ஏம்ப்பா எல்லாம் உசரமா இருக்கு?’ன்னு கேட்டேன். ‘கூடை உசரத்துல தானே ஐயா இருக்கு’ன்னான். நியாயம்தான். ‘எத்தனை ஜெயிச்சே?’ன்னேன். பேச்சைக் காணோம். அண்ணன்காரன் சொல்றான், ‘நாப்பது பாயிண்ட் வித்தியாசத்துல தோத்தான் ஐயா. பந்தைத் தட்டிக்கிட்டு முன்னாடி கொண்டுபோக ஒருத்தனும் இல்லை. பன்னிரண்டு தென்னை மரத்தை நட்டு வெச்சிருக்கான், ஏறிப் பறிக்க ஆளில்லை!’ (பலத்த சிரிப்பு)

சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்பைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, எப்படிச் சொல்றான் பாருங்க! அந்தத் தம்பி அதுக்கப்புறம் என்ன செஞ்சானாம்? வியூகத்தை மாத்தினானாம். வேகமா ஆடுன்னு போட்டான், தோத்தான். மெதுவா ஆடுன்னு போட்டான், தோத்தான். இடம் பிரிச்சுத் தடு, ஆளுக்கு ஆள் தடு, எல்லாம் போட்டுப் பார்த்தான், தோத்தான். கடைசியா அண்ணன் சொன்னபடி ஐந்து நெட்டையரை எடுத்துட்டு, பந்தைக் கொண்டுபோகிற குட்டையன் இரண்டு பேர், தூரத்தில் இருந்து எறிகிறவன் இரண்டு பேர், தடுப்புக்கு ஒருத்தன்னு மாத்தினான். முதல் ஆட்டத்திலேயே ஜெயிச்சான். எட்டாம் வகுப்புப் பையனுக்குப் புரிஞ்சது, எதிரணியிலே இருக்கிற முனைவர்களுக்குப் புரியலையே!

ஆள் தேர்வுன்னா பெரிய ஆளாப் பொறுக்குறது இல்லீங்க. வேலைக்கு ஏத்த ஆளைப் பொறுக்குறது. அம்மா, உங்க வீட்டுக் கல்யாணத்துக்குச் சமையல் ஆள் பிடிக்கிறீங்க. பன்னிரண்டு பேருமே பிரியாணி மாஸ்டராப் பிடிச்சா என்னாகும்? காய் நறுக்க யாரு? இலை போட யாரு? ரசத்துக்கு யாரு? பந்தியிலே ஓடி ஓடிக் கேட்க யாரு? பரிமாறத் தெரிஞ்ச ஒருத்தன் இல்லாட்டி எவ்வளவு நல்ல சாப்பாடும் சண்டையிலேதான் முடியும். பக்கத்துலே அலங்காநல்லூர். உங்களுக்குத் தெரியாததா? வடமாடு ஆட ஒன்பது பேர் களம் இறங்குறாங்க. ஒன்பது பேருமே திமிலைப் பிடிக்கிறவனா இருந்தா போதுமா? மாட்டைத் திசை திருப்புறவன் வேணும், கொம்புக்கு விலகத் தெரிஞ்சவன் வேணும், கடைசி நிமிடத்துக்கு மூச்சு வெச்சிருக்கிறவன் வேணும். இதைத்தான் நாங்க தேர்வு என்கிறோம்.

‘நிஜக் கதை சொல்லுங்க’ன்னு நடுவர் கேட்கிற மாதிரி இருக்கு. சொல்றேன் ஐயா.

பஞ்சாபிலே பல்லோ கே என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை, சத்னாம் சிங். ஏழடி இரண்டு அங்குலம் வளர்ந்தான். கிராமத்திலே அப்படியே விட்டிருந்தா என்ன செஞ்சிருப்பான்? ஏணி இல்லாம மாங்காய் பறிச்சிருப்பான்! ஆனா ஒரு கண் அவன் மேலே பட்டது. லூதியானா கூடைப்பந்துப் பயிற்சி மையத்துக்குக் கொண்டுபோனாங்க. அங்கே அவனை உருவாக்கின பயிற்சியாளர் பெயர் என்ன தெரியுமா? சுப்பிரமணியன்! பஞ்சாபிலே போய் ஒரு சுப்பிரமணியன்! (கைதட்டல்) 2010லே அமெரிக்காவுக்குப் பயிற்சிக்குப் போனான். 2015லே அமெரிக்காவின் என்.பி.ஏ. அணிகள் ஆளெடுக்கும் நாளிலே டல்லாஸ் அணி 52ஆவது ஆளாக அவன் பேரைச் சொன்னது. இந்தியாவிலே பிறந்த ஒருத்தன் பேர் அந்த மேடையிலே ஒலித்தது அதுதான் முதல் தடவை.

இன்னொருத்தர் அம்ரித்பால் சிங். இவரும் பஞ்சாப் விவசாயக் குடும்பம். சின்ன வயசுல இவர் ஆடினது என்ன தெரியுமா? கூடைப்பந்து இல்லே. நம்ம கபடி! உயரத்தைப் பார்த்துட்டு, ‘நீ கூடைப்பந்துக்குப் போடா’ன்னு சொன்னவங்க வீட்டுப் பெரியவங்க. இளைஞனான பிறகுதான் பந்தையே தொட்டார். இந்திய அணியிலே சேர்ந்தார். 2017லே ஆஸ்திரேலியாவின் தேசிய லீகிலே சிட்னி கிங்ஸ் அணியிலே இடம் பிடிச்சார். அந்த லீகிலே ஆடின முதல் இந்தியர் அவர். கபடி ஆடுகிற கூட்டத்துக்குள்ளே ஒரு கூடைப்பந்து வீரன் நிக்கிறான்னு கண்டுபிடிக்கிற வேலை இருக்கே, அதை எந்த வியூகம் செய்யும்?

எதிரணியிலே 2014ஐச் சொன்னாங்க. சீனாவிலே ஊகான் நகரத்திலே, ஆசியக் கோப்பையிலே, சீனாவை நம்ம இந்தியா 65க்கு 58 என்று சாய்ச்சது. அமெரிக்கப் பயிற்சியாளர் ஸ்காட் ஃபிளெமிங் வகுத்த திட்டம்தான் காரணம்னாங்க. திட்டத்துக்கு நான் கும்பிடு போடுறேன். சீனா அன்னைக்கு இளையவங்களை அனுப்பியிருந்தது, அதையும் சொல்லணும். இருந்தாலும் சீனா சீனாதான். அதே திட்டத்தை 1980க்குக் கொண்டுபோங்க. மாஸ்கோ ஒலிம்பிக்கிலே பல நாடுகள் ஒதுங்கினதாலே நமக்கு வாய்ப்புக் கிடைச்சது. நம்ம அணி ஒலிம்பிக்கிலே ஆடினது அந்த ஒரே தடவைதான். ஆடின எல்லா ஆட்டத்திலும் தோல்வி. பன்னிரண்டு அணியிலே பன்னிரண்டாவது இடம். அவங்க உழைப்பிலே குறை இல்லை. ஆனா உலகத் தரத்து உயரத்துக்கு ஈடு கொடுக்கிற ஆட்களைச் சிறு வயசிலேயே தேடி எடுத்து வளர்க்கிற ஏற்பாடு நம்மகிட்ட அன்னைக்குப் போதலை. 2014லே சீனாக்காரன் எதிரே நிக்க அம்ரித்பால் இருந்தார். அவரைத் தேடினதாலே திட்டத்துக்கு ஒரு கை கிடைச்சது.

கபடியையும் எடுத்தாங்க. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. 1990 முதல் 2014 வரைக்கும் ஏழு தடவையும் தங்கம் வாங்கின நம்ம ஆண்கள் அணி, அரை இறுதியிலே ஈரானிடம் 27க்கு 18 என்று தோத்தது. பெண்கள் இறுதிப் போட்டியிலே ஈரானிடம் 27க்கு 24 என்று தோத்தது. ‘நட்சத்திர ஆட்கள் இருந்தும் தோத்தீங்களே, வியூகம் தானே காரணம்?’னு கேட்டாங்க. நான் திருப்பிக் கேக்கிறேன். அந்த ஈரான் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் யார்? ஷைலஜா ஜெயின். எந்த ஊர்? மகாராஷ்டிராவிலே நாசிக்! நம்ம மண்ணுப் பெண்மணி! கபடி தெரிஞ்ச ஓர் ஆளை ஈரான்காரன் அடையாளம் கண்டு அணியை ஒப்படைச்சான். அதுதான் தேர்வு! பேர் பெரிசுன்னு எடுக்கிறது தேர்வு இல்லீங்க. இன்னைக்கு எதுக்கு யார் பொருத்தம்னு பார்க்கிறதுதான் தேர்வு.

ஐயா, மணி அடிக்க நடுவர் கையைத் தூக்குறார். ஒரே ஒரு அம்மாவைப் பத்திச் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன்.

நம்ம சென்னைப் பெண், அனிதா பால்துரை. பத்தொன்பது வயசிலே இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைவி. தென்னக ரயில்வேயிலே வேலை. கல்யாணம் ஆச்சு, குழந்தை பிறந்தது. நம்ம ஊர்ல என்ன சொல்லுவாங்க? ‘ஆடினது போதும்மா, பிள்ளையைப் பாரு’ம்பாங்க. கைப்பேசியிலே இருக்கிற கணக்கு என்ன சொல்லும்? வயசு கூடியாச்சு, இரண்டு வருஷம் ஆடலை, வேகத்துக்கு மதிப்பெண் குறை, வெளியே தள்ளுன்னு சொல்லும். ஆனா அந்தப் பெண் திரும்ப வந்தாங்க. 2017லே பெங்களூருவிலே ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவுப் போட்டி. தலைவி அனிதா. இறுதி ஆட்டம் கஜகஸ்தானோடு. எவ்வளவு வித்தியாசத்திலே ஜெயிச்சோம் தெரியுமா? 75க்கு 73! இரண்டே புள்ளி! ஒரே ஒரு கூடை! அந்த இடத்திலே அனுபவம் உள்ள ஒரு தாய் களத்திலே நின்னாங்க. 2021லே இந்த நாடு அவங்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. (பலத்த கைதட்டல்)

இங்கேதான் என் மனசுக்குள்ளே இருக்கிறதைச் சொல்லணும். கைப்பேசியிலே அணி அமைக்கிற பையனுக்கு ஒரு வசதி இருக்கு. எல்லார் பேரும் பட்டியலிலே இருக்கு. எல்லாருக்கும் மதிப்பெண் இருக்கு. இவன் பொறுக்கினாப் போதும். நிஜ வாழ்க்கையிலே பட்டியலே கிடையாதே! வாடிப்பட்டியிலே, சோழவந்தானிலே, அலங்காநல்லூரிலே இன்னைக்குச் சாயங்காலம் ஓடி விளையாடின பிள்ளைகளுக்கு யார் மதிப்பெண் போட்டிருக்கா? வகுப்பிலே எல்லாரையும்விட வளர்ந்து, கேலிக்குப் பயந்து முதுகைக் கூனிக்கிட்டு நடக்கிற பெண் பிள்ளை ஒண்ணு ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கு. ‘பனைமரம்’னு பட்டப்பேர். வீட்டிலே அப்பாவுக்குக் கவலை, ‘இவ உசரத்துக்கு மாப்பிள்ளைக்கு எங்கே போவேன்?’னு. அவ கையிலே ஒரு பந்தைக் கொடுத்து, ‘நிமிர்ந்து நில்லும்மா, அந்த உசரம்தான் உன் சொத்து’ன்னு சொல்ல ஓர் ஆள் வேணுமா வேணாமா?

விளையாட்டுன்னா வெறும் விளையாட்டு இல்லீங்க. தமிழ்நாட்டு அரசுப் பணியிலே விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடம் ஒதுக்கியிருக்காங்க. ரயில்வேயிலே வேலை இருக்கு. ஒரு பட்டியலிலே ஒரு பேர் ஏறினா ஒரு குடும்பத்திலே அடுப்பு எரியும். அந்தப் பேரை அடிச்சுட்டு, சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்தவன் பேரை எழுதினா, ஓர் ஆட்டத்திலே தோற்கிறதோட போகாது. ஒரு பிள்ளையோட வாழ்க்கை தோற்கும். வியூகம் தப்பாப் போனா அடுத்த ஆட்டத்திலே மாத்திக்கலாம். ஒரு நிமிடம் இடைவேளை கேட்டு மாத்திக்கலாம். பதினாலு வயசிலே தேர்வு பண்ணாம விட்ட பிள்ளையை இருபத்தைந்து வயசிலே கூப்பிட்டு மாத்திக்க முடியுமா? (கைதட்டல்)

பெற்றோர்களே, இது உங்க வீட்டுக் கதையும்தான். பிள்ளை பிறந்த அன்னைக்கே நாம வியூகம் போட்டுடுறோம். எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி, எந்த நாட்டு வேலை, எல்லாம் தயார். அந்தப் பிள்ளை யாருன்னு மட்டும் பார்க்கலை! அவனுக்குப் பாட்டு வருதா, பந்து வருதா, பயிர் வளர்க்க வருதா, கணக்கு வருதா? முதல்ல ஆளைப் பாருங்க. அப்புறம் திட்டம் போடுங்க. கைப்பேசியிலே பையன் அணி அமைச்சா உடனே பிடுங்காதீங்க. பக்கத்திலே உட்கார்ந்து, ‘இவனை ஏம்ப்பா எடுத்தே? அவனை ஏன் விட்டே?’ன்னு ஒரு கேள்வி கேளுங்க. காரணம் சொல்லத் தெரிஞ்சா அவனுக்கு ஆள் அறியும் அறிவு வளருது. அரை மணி ஆனதும், ‘அணி அமைச்சது போதும், இப்போ நீ போய் ஆடு’ன்னு வெளியே அனுப்புங்க. அவனைத் தேர்ந்தெடுக்கப் போற கண்ணு வெளியேதான் இருக்கு, கைப்பேசிக்குள்ளே இல்லை.

நடுவர் அவர்களே, வியூகம் வேண்டாம்னு நாங்க சொல்லலை. வியூகம் வேணும். ஆனா அது ஒரு சட்டை. ஆளைப் பார்த்து அளவெடுத்துத் தெச்சாத்தான் பொருந்தும். சட்டையை முதல்ல தெச்சுட்டு அதுக்கு ஏத்த ஆளைத் தேடுகிற தையல்காரர்களாக எதிரணியினர் இங்கே உட்கார்ந்திருக்காங்க. நீங்கள் அவர்களைத் தேர்ந்தெடுக்கப் போறீங்களா, எங்களைத் தேர்ந்தெடுக்கப் போறீங்களா? எப்படித் தீர்ப்புச் சொன்னாலும் கடைசியிலே நீங்க செய்யப்போறது ஒரு தேர்வுதான் ஐயா! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

ஆகவே, அணி வெல்லத் தேவை ஆட்களின் தேர்வே, தேர்வே, தேர்வே என்று கூறி அமர்கிறேன்.